இடைநிலைப் பிரெஞ்சு: தேர்வில் வென்ற பிறகும் வீட்டில் வாயடைத்துப் போவது ஏன்? இருபது சொல் சோதனை

செவ்வந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக வசிக்கிறேன். மாலை வகுப்புகளுக்குச் சென்று பிரெஞ்சு படித்து, பி1 நிலைக்கான (ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு மொழி நிலைகளில் மூன்றாவது) தெல்ஃப் என்ற தேர்வுச் சான்றிதழும் பெற்றுவிட்டேன். சுற்றுச்சூழல் மாசு, சமூக ஊடகங்களின் நன்மை தீமை, பெண்களின் வேலைவாய்ப்பு என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பத்து நிமிடம் பேச என்னால் முடியும். ஆனால் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டு அம்மையார் கதவைத் தட்டி, "வூ ஸாவே யுன் ஃப்யுயித்!" என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'ஃப்யுயிர்' என்ற வினைக்குத் தப்பி ஓடுவது என்று பொருள் படித்திருந்ததால், யாரோ ஓடிப்போனதைப் பற்றிச் சொல்கிறார் என்றே எண்ணினேன். அவர் என் கையைப் பிடித்துத் தம் சமையலறைக்கு அழைத்துச் சென்று மேலே காட்டினார். ஒரு தாம்பாளத்தின் அளவுக்கு ஈரம் படர்ந்திருந்தது; அதன் நடுவில் ஒரு துளி திரண்டு, சற்றுத் தொங்கி, மேசை மேல் விழுந்தது. தண்ணீர்க் கசிவுக்கும் அதே சொல்தான் என்பதை அந்தத் துளியைப் பார்த்துத்தான் கற்றேன்.

குழாய் பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து அவரே பேசினார். நான் அருகில் நின்று, அவர் வாயிலிருந்து வந்த சொற்களை ஒரு தாளின் பின்புறத்தில் தமிழெழுத்தில் குறித்துக்கொண்டேன்: 'எவியே' என்பது பாத்திரம் கழுவும் தொட்டி, 'தியுயோ' என்பது குழாய், 'ரொபினே' என்பது திருகு குழாய், 'ஜுவேன்' என்பது குழாயின் இணைப்பில் இருக்கும் வளையம், 'பூஷே' என்பது அடைத்துக்கொண்டது. மாலையில் காப்பீட்டுக்கு எழுத வேண்டியிருந்ததால் 'தேகா தே ஸோ' என்பதும் சேர்ந்தது. தண்ணீரால் ஏற்பட்ட சேதத்துக்கு அதுதான் பெயர், அதை ஐந்து வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஐந்தாண்டு வாழ்க்கையிலும் இரண்டாண்டு வகுப்பிலும் இந்த ஆறு சொற்களில் ஒன்றுகூட என் குறிப்பேட்டில் ஏறவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இது என் சோம்பலால் மட்டும் நேர்ந்ததா என்று தேடியபோது ஒரு பழைய ஆய்வு கண்ணில் பட்டது. பிரெஞ்சு மொழியை அயலாருக்குக் கற்பிக்க எந்தச் சொற்களை முதலில் தர வேண்டும் என்று முடிவு செய்வதற்காக, ஜோர்ஜ் கூகெனெம் என்ற மொழியறிஞரின் தலைமையில் 1950களில் ஒரு குழு மக்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தது. 275 பேரின் உரையாடல்களிலிருந்து ஏறத்தாழ 3,12,000 சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். அடிக்கடி வரும் சொற்கள் எல்லாம் எதிர்பார்த்தபடியே வந்தன. ஆனால் முள்கரண்டி போன்ற, எல்லோரும் அறிந்த, நாள்தோறும் கையில் எடுக்கும் பொருள்களின் பெயர்கள் பட்டியலில் அடியில் கிடந்தன. காரணம் எளியது: முள்கரண்டியைப் பற்றிப் பேச வேண்டிய தருணம் வந்தால்தான் அந்தச் சொல் வாய்க்கு வரும், தருணம் வராவிட்டால் பல நாட்களுக்கு வரவே வராது. ஆயினும் அந்தத் தருணத்தில் அதற்கு மாற்றே இல்லை. இத்தகைய சொற்களை அவர்கள் 'மோ திஸ்போனீப்ள்' என்று அழைத்தார்கள். 'கைவசச் சொற்கள்' என்று தமிழில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கைவசச் சொற்களைக் கண்டறிய அவர்கள் செய்த வழி இன்னும் அழகானது. உடை, சமையலறை, ஊர்தி என்று 16 தலைப்புகளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் மனத்தில் தோன்றும் 20 சொற்களை எழுதச் சொன்னார்கள். அதே சோதனையை நான் எனக்கு வைத்துக்கொண்டேன். அகராதி இல்லை, கைப்பேசி இல்லை, ஒரு தலைப்பு, இருபது வரிகள். 'சமையலறை' என்று எழுதி உட்கார்ந்தேன்; பதினொன்றில் நின்றுவிட்டேன். அந்தப் பதினொன்றில் நான்கு காய்கறிகளின் பெயர்கள். நான் நாள்தோறும் தொடும் மூடி, அகப்பை, வடிதட்டு, துருவி, வெட்டுப்பலகை எதுவும் அதில் இல்லை. பிறகு தேடி எழுதினேன்: மூடி 'கூவெர்க்ள்', அகப்பை 'லூஷ்', வடிதட்டு 'பஸ்வார்', துருவி 'ராப்', வெட்டுப்பலகை 'ப்ளான்ஷ்'. குக்கருக்கு எல்லோரும் 'கொகோத்-மினுயித்' என்கிறார்கள். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர், ஆனாலும் வீடுகளில் புழங்குவது அதுதான்.

நீங்களும் ஏதேனும் ஒரு தலைப்பில் இந்தச் சோதனையைச் செய்து, எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்பதை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதலாம். எழுத்துக்கூட்டலை அகராதியில் சரிபார்த்துக்கொள்வோம்.

---

வடக்குவாசல் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தேன். உங்களுடைய கதைக்கு நேர் எதிரானது என்னுடைய கதை. எனக்கு இறந்தகால வினைகள் ஒழுங்காக வராது, ஆனால் 'துப்புரவு' என்று தலைப்புக் கொடுத்தால் இருபதையும் மூன்று நிமிடத்தில் எழுதிவிடுவேன்.

ஒரு விடயத்தில் அனைவரும் கவனமாக இருக்க வேண்டும். சமையலறையில் இருப்பது 'எவியே', குளியலறையில் முகம் கழுவும் தொட்டி 'லவாபோ'. தமிழில் இரண்டையும் நாங்கள் சிங்க் என்று சொல்லிவிடுவதால் இந்த வேறுபாடு எங்களுக்கு உறைப்பதில்லை. "லவாபோ அடைத்துவிட்டது" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னால் வருகிறவர் நேரே குளியலறைக்குப் போவார். துணிகளிலும் அப்படியே: தரை துடைப்பது 'ஸெர்ப்பியேர்', பாத்திரம் துடைப்பது 'தோர்ஷோன்', தூசி தட்டுவது 'ஷிஃபோன்', கழுவுகிற பஞ்சு 'எபோன்ஜ்'. முதல் கிழமையில் மேற்பார்வையாளர் 'ஷிஃபோன்' கேட்க, நான் ஈரமான ஸெர்ப்பியேரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஏசவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டிப் பெயரைச் சொன்னார், என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். இன்று வரை அந்த மனிதரை நன்றியோடு நினைக்கிறேன்.

இன்னொன்று, இது சொற்பட்டியலில் எவரும் எழுதாதது. நான் அதிகாலையில் தளம் துடைத்துக்கொண்டிருக்கும்போது நேரத்தோடு வேலைக்கு வரும் ஒரு அம்மா, ஒவ்வொரு நாளும் கடந்து போகையில் "போன் கூராஜ்" என்பார். முதலில் நான் பயந்தவன் போலத் தோன்றுவதால் தைரியம் சொல்கிறாரோ என்று நினைத்தேன். உழைப்பில் இருப்பவருக்கும் கடினமான நாளை எதிர்கொள்பவருக்கும் சொல்லும் வாழ்த்து அது என்று பிறகுதான் விளங்கியது. பிரியும்போது சொல்வதற்குப் பிரெஞ்சில் இப்படி நிறைய உண்டு: பகலில் 'போன் ஜூர்னே', பிற்பகலில் 'போன் ஃபேன் த ஜூர்னே', பயணம் போகிறவருக்கு 'போன் ரூத்', சாப்பிடப் போகிறவருக்கு 'போன் அப்பேத்தி'. எங்கள் மொழியில் எல்லாவற்றுக்கும் "போயிட்டு வாறன்" போதும். இங்கே ஆளுக்கும் நேரத்துக்கும் பொருந்தியதைச் சொன்னால், உங்களுடைய பிரெஞ்சு எவ்வளவு முறிந்ததாக இருந்தாலும் எதிரில் நிற்பவரின் முகம் மலரும்.

---

அகல் எழுதியது:

இந்த இழையை மதிப்போடு வாசித்தேன். ஆயினும் மாறுபட்ட கருத்து ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். நம்மில் பலருக்கு நேரம் மிகக் குறைவு. 2024 ஜனவரி 26ஆம் தேதிய சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பல்லாண்டு வதிவிட அனுமதிக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழி நிலைகள் கேட்கப்படுகின்றன. எனவே தேர்வில் வரும் சொற்களும், அடிக்கடி வரும் சொற்களும்தான் முதலில் வேண்டும். துருவியின் பெயர் தெரியாததால் எவருடைய விண்ணப்பமும் நிராகரிக்கப்படுவதில்லை. முதல் இரண்டாயிரம் சொற்களை நன்றாகப் படித்தவர் மற்றவற்றை "லெ த்ரியூக் பூர்...", அதாவது "இன்னது செய்கிற அந்தச் சாமான்" என்று சுற்றி வளைத்துச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாமே?

---

செவ்வந்தி எழுதியது:

அகல் அவர்களே, உங்கள் கேள்வி நியாயமானது. தேர்வுக்குப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'த்ரியூக் பூர்' என்ற உத்தியும் அருமையானதே. டின் திறப்பானின் பெயர் தெரியாத இடத்தில் "டின்னைத் திறக்கிற அந்தச் சாமான்" என்று கேட்டு நானே கடையில் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த உத்தி நாம் பேசும்போது மட்டுமே உதவும். எதிரில் இருப்பவர் பேசும்போது, சுற்றி வளைத்துச் சொல்லுமாறு அவரை நாம் கேட்க முடியாது. கீழ்வீட்டு அம்மையார் 'ஃப்யுயித்' என்ற ஒற்றைச் சொல்லைத்தான் சொன்னார். கூரையிலிருந்து சொட்டுகிற சாமான் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே இப்போது என் குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்: இடப்பக்கத்தில் நான் சொல்லப்போவது, வலப்பக்கத்தில் என்னிடம் கேட்கப்படுவது. எழுதத் தொடங்கிய பிறகுதான், வகுப்புப் புத்தகங்கள் பெரும்பாலும் இடப்பக்கத்தையே நிரப்புகின்றன என்பது தெரிந்தது. ரொட்டிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு பகெத் வேண்டும்" என்று கேட்க முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதைச் சொன்னவுடன் விற்பவர் வாயிலிருந்து வேகமாக வரும் கேள்விகள் வேறு. 'த்ரதிஸியோன்' வேண்டுமா என்பார். அது 1993ஆம் ஆண்டு அரசாணையில் வரையறுக்கப்பட்ட, மாவில் வேதிச்சேர்க்கை கலவாத பகெத். 'பியேன் குயீத்' வேண்டுமா, 'பா த்ரோ குயீத்' வேண்டுமா என்பார். நன்கு சிவந்ததா, அதிகம் வேகாததா என்று பொருள். அடுத்து "எ அவெக் ஸெஸி?" என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "இதனுடன்?" என்றுதான் வரும், நம் ஊர்க் கடைக்காரர் "வேற என்ன வேணும்?" என்பதற்கு அது சமம். நான் முதல் ஆண்டு முழுவதும் அதை விலை என்று எண்ணிப் பணப்பையைத் திறந்துகொண்டிருந்தேன். கடைசியில் 'மொன்னே' இருக்கிறதா என்பார். ஆங்கிலம் தெரிந்த நமக்கு அது பணம் என்று தோன்றும், ஆனால் அவர் கேட்பது சில்லறை.

சந்தையில் இன்னொன்று வரும். அரைக்கிலோ செர்ரி கேட்டிருப்போம். தராசு அதைத் தாண்டி நிற்கும். "இல் யான் ஆ அன் ப்யூ ப்ல்யூஸ், ஜெ வூ லெ மே கான் மெம்?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, இருந்தாலும் போடட்டுமா என்று பொருள். இதற்கு "வீ" என்றோ, "நோன், ஜுஸ்த் யுன் லீவ்ர்" என்றோ சொல்லத் தெரிந்திருந்தால் போதும். இந்த ஒரு வாக்கியத்தில் உள்ள சொற்கள் அத்தனையும் உங்கள் இரண்டாயிரத்துக்குள் இருப்பவைதாம், அகல் அவர்களே. ஆயினும் தனித்தனியாகப் படித்தவர்களால் அதைக் காதில் பிடிக்க முடிவதில்லை.

---

யாழொலி எழுதியது:

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பித்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

செவ்வந்தி அவர்கள் எழுதிய 'யுன் லீவ்ர்' என்பதைக் கவனியுங்கள். 'அன் லீவ்ர்' என்றால் புத்தகம், 'யுன் லீவ்ர்' என்றால் அரைக்கிலோ. தமிழில் உயிரற்ற பொருள்கள் எல்லாம் அஃறிணை என்று ஒரே கூடையில் விழுந்துவிடுவதால், நாற்காலிக்கும் மேசைக்கும் பால் பார்ப்பது நமக்குப் பழக்கமில்லை. ஆண்பாலுக்கு 'அன்', 'லெ' என்றும் பெண்பாலுக்கு 'யுன்', 'லா' என்றும் வரும் முன்னொட்டை அலங்காரம் போல எண்ணி உதறிவிட்டுச் சொல்லை மட்டும் எழுதிவைக்கிறோம். இது பெருங்கேடு. 'லெ போஸ்த்' பணியிடம், 'லா போஸ்த்' அஞ்சலகம். 'லெ துர்' சுற்று, 'லா துர்' கோபுரம். 'லெ புவால்' அறையைச் சூடாக்கும் அடுப்பு, 'லா புவால்' வாணலி. குறிப்பேட்டில் ஒரு பெயர்ச்சொல்லும் முன்னொட்டு இல்லாமல் நுழையக் கூடாது என்று என் மாணவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

இரண்டாவது செய்தி காதைப் பற்றியது. என் மாணவி ஒருவர் பாரிஸில் மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்தபோது, வரவேற்பில் இருந்தவர் தொலைபேசியில் 'திஸேர்' என்றார். இவர் 'தெஸேர்' என்று கேட்டார். முன்னது பத்து மணி, பின்னது இரண்டு மணி. பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நின்றபோது முறை கடந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த முறைக்கு மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தது. அதனால் நேரத்தை எப்போதும் 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பிற்பகல் இரண்டு என்றால் 'கதோர்ஸேர்' என்று வரும், அதைப் பத்தோடு குழப்பவே முடியாது.

தமிழில் இல்லாத ஒரு உயிரொலியும் உண்டு: வாயை 'ஊ' என்று குவித்துக்கொண்டு நாக்கால் 'ஈ' என்று ஒலிப்பது. அது பிடிபடாதவருக்கு 'தெஸ்யூ'வும் 'தெஸூ'வும் ஒன்றாகவே கேட்கும். முன்னது மேலே, பின்னது கீழே. சாவியை மிதியடிக்கு மேலே வைத்தார்களா, கீழே வைத்தார்களா என்பது இந்த ஒரே உயிரொலியில் தொங்குகிறது. 'ப்ல்யூஸ்' என்று இறுதி ஒலிப்பு வந்தால் கூடுதல். பேச்சில் 'ப்ல்யூ' என்று நின்றால் பெரும்பாலும் இல்லை, இனி வேண்டாம் என்று பொருள். "ஜான் வே ப்ல்யூஸ்" என்பவருக்கு இன்னும் சோறு போடலாம். "ஜான் வே ப்ல்யூ" என்பவருக்குப் போடக் கூடாது.

எண்களையும் விட்டுவிடாதீர்கள். பிரான்சில் தொலைபேசி எண்ணின் பத்து இலக்கங்களை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 'ஸ்வசாந்த்' (60) என்று கேட்டவுடன் நம் கை 6 என்று எழுதிவிடுகிறது. அடுத்து 'தீஸ்-யுயித்' (18) என்று வந்தால் இரண்டும் சேர்ந்து 78, எழுதிய 6ஐ அடித்து 7 ஆக்க வேண்டும். அதற்குள் அவர் அடுத்த இணைக்குப் போய்விடுவார். 60, 80 என்று கேட்டவுடன் எழுதாமல், இணை முடியும் வரை பேனாவை நிறுத்தி வைக்கும் பழக்கத்தை ஒரு வாரம் பயின்றால் இந்தத் தொல்லை தீரும்.

---

அன்றில் எழுதியது:

யாழொலி ஐயா, அந்த உயிரொலியைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் என் அனுபவம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மூத்த மகளை 'மத்தெர்னெல்'லில், அதாவது மழலையர் பள்ளியில் சேர்த்த ஆண்டு அது. மாலையில் வாசலில் நின்ற ஆசிரியை கவலையோடு, "இல் யா தே பூ தான் லா க்ளாஸ்" என்று எல்லாத் தாய்மாரிடமும் சொன்னார். வகுப்பில் பூ இருக்கிறது என்றுதான் என் காதில் விழுந்தது. மற்ற தாய்மார் பிள்ளைகளின் தலையைக் கோதிப் பார்ப்பதைக் கண்டுதான் விளங்கியது: பிரெஞ்சில் 'பூ' என்றால் பேன். அன்றிரவு 'பேன் சீப்பு' என்பதற்கான சொல்லைத் தேடி, மறுநாள் மருந்தகத்தில் 'பேன்ய் ஆந்தி-பூ' வாங்கினேன். இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளை வைத்திருக்கும் எந்தப் பெற்றோருக்கும் இந்தச் சொல் ஒவ்வொரு செப்டம்பரிலும் தேவைப்படும். என் பாடநூல் எதிலும் அது இருந்ததில்லை.

பள்ளி என்ற தலைப்பில் இருபது சொல் எழுதிப் பார்த்தேன், பதினெட்டு வந்தது. ஆனால் அவை எல்லாம் என் பிள்ளைகள் கொண்டுவந்த 'காயே த லியேஸோன்' என்ற தொடர்பு நோட்டிலிருந்து ஒவ்வொன்றாக நான் பொறுக்கியவை. மாலை நாலரை மணிச் சிற்றுண்டி 'கூத்தே', பள்ளிச் சாப்பாட்டுக்கூடம் 'காந்தீன்', பள்ளி முடிந்த பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் 'கார்த்ரீ', குழந்தை கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் துணிப்பொம்மை 'தூதூ'. 'ப்ரெவுவார் அன் ஷான்ஜ்' என்று எழுதியிருந்தால் மாற்றுடை ஒன்று கொடுத்தனுப்புங்கள் என்று பொருள். சில்லறை கேட்கிறார்கள் என்று எண்ணி ஒரு தாய் இரண்டு யூரோவை உறையில் போட்டனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். மொழி தெரியாத தாயின் பிள்ளைதான் ஈர உடையோடு மாலை வரை உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அகல் அவர்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்வுக்குத் தேவையில்லாத சொற்கள்தாம் நம் பிள்ளைகளுக்குத் தேவையாக இருக்கின்றன.

---

மூடுபனி எழுதியது:

பிரசெல்ஸிலிருந்து எழுதுகிறேன். வடக்குவாசல் அண்ணா தந்த துணிப் பட்டியலை இங்கே அப்படியே பயன்படுத்தினால் சங்கடம் வரும். பெல்ஜியத்தில் 'தோர்ஷோன்' என்பது தரை துடைக்கும் துணி. பாத்திரம் துடைப்பதற்கு 'எஸ்யுயி' என்பார்கள். விருந்துக்குப் போன வீட்டில் தட்டைத் துடைக்கத் 'தோர்ஷோன்' கேட்டுவிடாதீர்கள். காலை உணவு இங்கே 'தெஜெனே', மதியம் 'தினே', இரவு 'ஸுப்பே'. பிரான்சில் 'தினே' என்றால் இரவு உணவு என்பதால், அழைப்பு வந்தால் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுவிடுவது நல்லது. 70க்கு 'செப்தாந்த்', 90க்கு 'நொனாந்த்' என்று சொல்வதால் யாழொலி ஐயா சொன்ன தொல்லை இங்கே பாதியாகக் குறைகிறது. 80 மட்டும் பிரான்சைப் போலவே 'கத்ர-வேன்'. 'யுயித்தாந்த்' என்பதைச் சுவிட்சர்லாந்தின் வோ, வாலே, ஃப்ரிபூர் பகுதிகளில் கேட்கலாம்.

---

கல்தூண் எழுதியது:

லியோனில் முதுகலை படிக்கிறேன். என் வகுப்புத் தோழர்களிடையே நான் பட்ட பாட்டுக்குக் காரணம், ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் இருந்ததுதான். வேலைக்கு 'த்ராவாய்' என்று படித்திருந்தேன், அவர்கள் 'பூலோ' என்றார்கள். புத்தகம் 'பூக்கேன்', துணிமணி 'ஃப்ரேங்க்', சாப்பிடுவது 'பூஃபே', கார் 'பாஞோல்'. இவை இழிந்த சொற்கள் அல்ல, நண்பர்களிடமும் வீட்டிலும் பேசுபவை. ஆனால் விண்ணப்பத்திலோ நேர்காணலிலோ எழுந்தால் முகம் சுளிப்பார்கள். இடைநிலையில் இருப்பவர் இவற்றைக் காதுக்காகக் கற்க வேண்டும், வாய்க்கு அவசரமில்லை. அசைகளைத் திருப்பிப்போட்டுப் பேசும் 'வெர்லான்' வழக்கும் அப்படித்தான். செவ்வந்தி அவர்களின் பட்டியலில் அகப்பைக்கு 'லூஷ்' என்று இருந்தது அல்லவா? அதே ஒலியில் 'சந்தேகத்துக்குரிய' என்ற பொருளில் ஒரு பெயரடை உண்டு. அதைத் திருப்பிப்போட்டால் 'ஷெலூ'. "செ ஷெலூ" என்று இளைஞர் சொல்லக் கேட்டால், ஏதோ சரியாகப் படவில்லை என்று பொருள்.

நான் அதிகம் நேசிக்கும் சொல் 'கூ'. அடி, வீச்சு என்பது அதன் பொருள். ஆனால் அது எத்தனை வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது பாருங்கள். 'கூ த ஃபில்' ஒரு தொலைபேசி அழைப்பு, 'கூ தேய்' ஒரு விரைவான பார்வை, 'கூ த ஸொலேய்' வெயிலில் தோல் கன்றுவது, 'தூத்தா கூ' திடீரென்று. 'தொனே அன் கூ த மேன்' என்பதில் கையும் கொடுப்பதும் இருக்கின்றன. நாம் "கொஞ்சம் கை கொடுங்கள்" என்று உதவி கேட்பதைப் போலவே. இரண்டு மொழிகள் இப்படிக் கைகோக்கும் இடத்தைக் கண்டால் அந்தச் சொல் எனக்கு மறப்பதே இல்லை. பேச்சில் மூச்சுக்கு மூச்சு வரும் 'த்யு கூ' மட்டும் வேறு. அது நம் "அப்படியென்றால்", "அதனால்" என்பதன் இடத்தில் நிற்கிறது.

'தூத்தா லேர்' என்பதையும் பலர் அஞ்சுகிறார்கள். சற்று முன் நடந்ததற்கும் சற்றுப் பின் நடக்கப்போவதற்கும் அது ஒன்றே. தமிழர்களுக்கு இது கடினமாக இருக்கக் கூடாது. "இப்போதுதான் வந்தான்" என்றும் "இப்போது வந்துவிடுவான்" என்றும் நாம் ஒரே சொல்லை இருபுறமும் திருப்புகிறோம். காலத்தை வினை காட்டிவிடுகிறது.

---

அகல் எழுதியது:

நான்கு நாட்கள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். அன்றில் அவர்களின் பதிவை வாசித்த பிறகு 'மருந்தகம், உடல்நலம்' என்ற தலைப்பில் சோதனையைச் செய்து பார்த்தேன். பதின்மூன்று எழுதினேன். 'ஓர்தொனான்ஸ்' (மருத்துவர் எழுதித் தரும் மருந்துச்சீட்டு), 'கோம்ப்ரிமே' (மாத்திரை), 'ஸிரோ' (திரவ மருந்து) வரை தடையில்லை. உறைமாத்திரை 'ஜெலூல்', தலைச்சுற்றல் 'வெர்தீஜ்', உடம்பு வலி 'கூர்பத்யூர்', வெறும் வயிறு 'ஆ ஜன்' ஆகியவை வரவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு 'ஆ ஜன்' வர வேண்டும் என்று சொன்னது புரியாமல் காலை உணவு உண்டுவிட்டுப் போனால், அந்தப் பயணம் வீண்.

என்னை உலுக்கியது ஒன்று. சரிபார்த்தபோது, 'மால் ஓ கேர்' என்பதற்கு நெஞ்சுவலி என்று நான் எழுதியிருந்தது தெரிந்தது. சொல்லுக்குச் சொல் இதயத்தில் வலி என்றுதான் வருகிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர் அதைக் குமட்டலுக்குச் சொல்கிறார்கள். உண்மையான நெஞ்சுவலிக்கு "ஜே யுன் துலேர் தான் லா புவத்ரீன்" என்று சொல்ல வேண்டும். என் அப்பா இதய நோயாளி; எங்களோடுதான் இருக்கிறார். அவசர மருத்துவ உதவி எண்ணான 15ஐ அழைத்து அவருக்குக் குமட்டல் என்று சொல்லும் நிலையில்தான் இதுவரை நான் இருந்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன். அப்பாவும் நாள்தோறும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறார்.

அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்க வேண்டும் என்ற என் கருத்தை இன்னும் கைவிடவில்லை. ஏ1, ஏ2 நிலைகளில் அதுதான் அடித்தளம். ஆனால் பி1 தாண்டியவருக்கு அந்தப் பட்டியல் தீர்ந்துவிடுகிறது, அதற்குப் பின் இடம் இடமாகப் போய்த்தான் சொல் சேர்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

வடக்குவாசல் எழுதியது:

அகல் தம்பி, அப்பாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தோடு வீட்டு முகவரி, எத்தனையாவது மாடி, வாசல் கதவைத் திறக்க அழுத்தும் 'திஜிகோத்' எண் ஆகியவற்றையும் ஒட்டி வையுங்கள். 15இல் பேசுகிறவர் "ஆ கெல் எதாஜ்?" என்று கட்டாயம் கேட்பார். தரைத்தளம் 'ரே-த-ஷோஸே', அதற்கு மேலே இருப்பதுதான் 'ப்ரெமியே'. ஊரில் எண்ணுவது போலத்தான்.

---

செவ்வந்தி எழுதியது:

வடக்குவாசல் அண்ணா சொன்னதை வாசித்து, இன்று மாலை 'அடுக்ககப் படிக்கட்டு' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். மாடி 'எதாஜ்', இரு படிவரிசைகளுக்கு இடையிலுள்ள மேடை 'பலியே', கைப்பிடி 'ராம்ப்', அஞ்சல் பெட்டி 'புவாத் ஓ லெத்ர்', குப்பைத்தொட்டி 'புபெல்', அழைப்புக் கருவி 'ஏந்தர்ஃபோன்' என்று பதினாறு வரை வந்தேன். அப்போது விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, மேலே ஏறி வந்த கீழ்வீட்டு அம்மையார் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி, "செ லா மினுய்த்ரீ" என்றார். குறித்த நேரத்தில் தானே அணையும் விளக்குக்கு அதுதான் பெயராம். பதினேழாவதாக எழுதிக்கொண்டேன்.

அவர் என் தாளை வாங்கிப் பார்த்தார், எதற்கு என்று கேட்டார், சொன்னேன். பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து மீதி மூன்றையும் அவரே சொன்னார்: 'பயாஸோன்' கதவுக்கு முன் இருக்கும் மிதியடி, 'ஜூதா' கதவில் வெளியே பார்க்கும் சிறு துளை, 'ஸெருயூர்' பூட்டு. பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். வாசலில் நான் போடும் கோலத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்க நினைத்திருந்தாராம். சொன்னேன். 'கோலம்' என்பதில் உள்ளது 'ள' அல்ல, 'ல'; அதை நாக்கின் நுனியால் ஒலிக்க வேண்டும் என்று காட்டினேன். மூன்றாவது முறையில் சரியாக வந்தது. அதற்குள் விளக்கு மறுபடியும் அணைந்தது. இம்முறை நான் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

நாளைக்கு 'அஞ்சலகம்' எடுத்துக்கொள்ளப்போகிறேன். பதிவு அஞ்சலோடு வரும் ஒப்புகைச் சீட்டுக்கு 'அக்யூஸே த ரெஸெப்ஸியோன்' என்பது மட்டும் இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது. அங்கே உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் நினைவிருந்தால், வலப்பக்கத்துக்காக எழுதி உதவுங்கள்.